ஒரு புட்டி மண்

ஊத்துக்கோட்டையில் உழவர்கள், ஆசிரியர்கள், பள்ளி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பேசத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலையை முடித்துவிடுகிறேன். மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் இருக்கிறது. இரண்டின் வாயிலும் ஒரு டீ வடிகட்டி வைத்திருக்கிறேன். என் வலது கையில் இருப்பது ஒரு மாந்தோப்பின் மண்கட்டி. ஆண்டுதோறும் உழுது, ஒரு சருகுகூட இல்லாமல் தரையைத் துடைத்து வைத்திருக்கும் தோப்பு அது. இடது கையில் இருப்பது அதே ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையின் மண்கட்டி. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில், பல ஆண்டுகளாக இலை தழை விழுந்து மக்கிய இடம். இரண்டும் செம்மண். இரண்டையும் ஒரே நிழலில், ஒரே நாள்கள் உலர்த்தினேன். இதோ, இரண்டையும் தண்ணீரில் இறக்குகிறேன். அவை ஊறட்டும். நாம் பேசுவோம்.

அளந்தால்தான் கேட்க முடியும்

அளவின் அருமையை ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் கிருஷ்ணா நீருக்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தருவதாகப் பேச்சு. 1996-இல் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது. கண்டலேற்றில் கிளம்பி 152 கிலோமீட்டர் ஓடிவரும் அந்தக் கால்வாய், இங்கே தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட்டில்தான் தமிழ்நாட்டுக்குள் கால் வைக்கிறது. அங்கிருந்து 25 கிலோமீட்டர் போனால் பூண்டி ஏரி. நீர்வரத்து இருக்கும் நாள்களில் ஜீரோ பாயிண்ட்டில் எத்தனை கனஅடி வந்தது என்று அளந்து எழுதுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் நாம் படிக்கிறோம். அளந்து எழுதி வைத்திருப்பதால்தான், "இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி" என்று ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேட்க முடிகிறது.

நம் சொந்த நிலத்தில் விழும் மழைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழையில் என் கொல்லை எவ்வளவு குடித்தது, எவ்வளவை ஆரணியாற்றுக்கு விட்டுக்கொடுத்தது என்று யாரிடமும் நோட்டு இல்லை. ஆறு பெருகித் தரைப்பாலம் மூழ்கினால் பதறுகிறோம். நான்கு மாதம் கழித்துக் கிணறு வறண்டால் மீண்டும் பதறுகிறோம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

இன்று நான் பேச வந்திருக்கும் உணவுக்காட்டின் நிலையும் இதுதான். அது நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு நல்லது, யாருக்கு, எத்தனை ஆண்டில் என்று கேட்டால் நம் ஊர் மண்ணிலிருந்து பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் பொறுப்பு நம்முடையது என்பதுதான் என் பேச்சின் சாரம்.

கொல்லையே முதல் காடு

உணவுக்காடு என்ற பெயர் புதிது, பொருள் பழையது. காட்டில் உயர்ந்த மரம், நடுத்தர மரம், புதர், செடி, கொடி, கிழங்கு என்று அடுக்கடுக்காக இருப்பதைப் போல, நமக்கு உணவு தரும் பயிர்களையே அடுக்கி வளர்ப்பது. மேலே தென்னையும் பனையும் புளியும் நாவலும். அதற்குக் கீழே மா, நெல்லி, சீதா, முருங்கை. இடுப்பளவில் எலுமிச்சை, கறிவேப்பிலை, களா, வாழை. தரைக்கடியில் கருணையும் சேம்பும் மஞ்சளும். வேலியில் கோவையும் பிரண்டையும் அவரையும். நம் பாட்டிமார் பத்திரம் எழுதாமல் பார்த்துக்கொண்ட கொல்லை இதுதான். கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் வறண்ட நிலத்தில் வானகம் என்ற இயற்கைப் பண்ணையை உருவாக்கிய நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பரில் மறையும் வரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனதும் இதைத்தான்.

இதை விஞ்ஞானிகள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த இடம் பக்கத்து மாநிலமான கேரளம். அங்குள்ள வீட்டுத் தோட்டங்களை மோகன் குமாரும் அவருடைய சகாக்களும் 17 வட்டங்களில் ஆய்ந்து 1994-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தோட்டங்களில் மரவகை மட்டும் 127 இருந்தன. கீரை, கிழங்கு, கொடி இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்து திருச்சூர் பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழம் வரை மண்ணைத் தோண்டி, அதில் எவ்வளவு கரிமச்சத்து இருக்கிறது என்று அளந்தார்கள். வேளாண் காடுகள் பற்றிய படிப்புக்கு உலக அளவில் அடித்தளம் இட்ட பி.கே.ராமச்சந்திரன் நாயரும் அந்தக் குழுவில் இருந்தார். ஒரு ஹெக்டேர் காட்டு மண்ணில் 176.6 டன் கரிமம். நெற்கழனியில் 55.6 டன். ஓர் ஏக்கருக்கும் குறைவான சிறு வீட்டுத் தோட்டத்தில் 119.3 டன், அதைவிடப் பெரிய தோட்டங்களில் 108.2 டன். சிறு தோட்டம் பெரிய தோட்டத்தை முந்தியதைக் கவனியுங்கள். இடம் குறுகியதால் நெருக்கி நட்டார்கள், பல வகை நட்டார்கள். பல வகை வேர்கள் பல ஆழங்களில் இறங்கின. அரை ஏக்கர் வைத்திருப்பவர் "என்னிடம் என்ன இருக்கிறது" என்று தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சந்தேகத்தை நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வில் இன்றைய தோட்டத்தையும் இன்றைய கழனியையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். ஒருவேளை நல்ல மண் இருந்த இடமாகப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் வீடு கட்டிக் கொல்லை வைத்தார்களோ? அப்படியென்றால் மண்ணை வளமாக்கியது தோட்டமா, தோட்டத்தை வளமாக்கியது மண்ணா? இதற்குப் பதில் சொல்ல ஒரே வழிதான் உண்டு. ஒரே இடத்தை நடுவதற்கு முன்பும் அளக்க வேண்டும், நட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். நீண்டகால ஆய்வு என்பது அதுதான்.

நூறாண்டுப் பொறுமை

அப்படி யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். நம் கோயம்புத்தூரிலேயே வேளாண் பல்கலைக்கழக வயலில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், மற்றொன்றுக்கு எதுவுமே இல்லை. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. பாத்திகள் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கின்றன. தொழு உரம் கண்ட பாத்தியில் கரிமச்சத்து ஏறியிருப்பதை இன்று அடித்துச் சொல்ல முடிகிறது என்றால், அது நூறாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பலன்.

முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவர் குழுவினரும் 50 ஹெக்டேர் காட்டை எல்லை கட்டி, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான மரங்களில் எது செத்தது, எது முளைத்தது, தீ என்ன செய்தது, யானை என்ன செய்தது என்று இன்றுவரை எழுதி வருகிறார்கள்.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய பதில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் கிடைக்கிறது. 1843-இல் தொடங்கிய உலகின் மிகப் பழைய வேளாண் சோதனை வயல் அங்கே உண்டு. 1882-இல் அந்தக் கோதுமை வயலின் ஒரு மூலையை அறுக்காமல் விட்டுவிட்டார்கள். களை வந்தது, புதர் வந்தது, பிறகு மரங்கள் வந்தன. கோதுமை வயல் காடானது. விட்ட நாள் முதல் இருந்த மண்ணின் கணக்கு அவர்களிடம் இருந்ததால், ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஒப்பிட முடிந்தது. ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சராசரியாக 3.39 டன் கரிமம் சேர்ந்திருக்கிறது. அதில் 2.85 டன் மரத்தில்; 0.54 டன் மட்டுமே மண்ணில்.

இந்தக் கடைசி எண்ணை நம் அளவில் சொல்கிறேன்: ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 220 கிலோ. அது குளிர் நாடு. நம் வெயிலில் மக்கும் வேகமும் வேறு, கரையும் வேகமும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். மரம் கண்ணுக்குத் தெரிந்து வளர்கிறது. மண் தெரியாமல் வளர்கிறது. மூன்றாம் ஆண்டில் மண்ணைச் சோதித்து, "பெரிய மாற்றம் ஒன்றுமில்லையே" என்று மனம் விட்டுப்போகிறவர், முப்பதாம் ஆண்டில் கிடைக்கப்போவதை வழியிலேயே விட்டுவிடுகிறார்.

மகசூலா, கூலியா?

மண் வளர்ந்தால் போதுமா, வயிறு நிறைய வேண்டாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கும் ஒரு நீண்டகால ஆய்வு இருக்கிறது. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில் சாரா ஆனா என்ற இடத்தில், சுவிட்சர்லாந்தின் இயற்கை வேளாண் ஆய்வு நிறுவனம் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து 2008-இல் கோகோ நட்டது. சில பாத்திகளில் கோகோ மட்டும் வெயிலில். சில பாத்திகளில் வாழை, பழமரம், கிழங்கு இவற்றோடு காடு போல. ஒரே மண், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்துப் பாத்தி.

முதல் ஆண்டுகளின் முடிவு 2016-இல் வெளிவந்தது. தனிக் கோகோவில் கோகோ மகசூல் சராசரியாக 41 விழுக்காடு அதிகம். இதை மறைக்கக் கூடாது. காட்டு முறையில் முதன்மைப் பயிர் குறையும்; நிழலுக்கு அது கொடுக்கும் விலை. ஆனால் வாழையும் பழமும் கிழங்கும் கொண்டுவந்த வருமானம் அந்தக் குறைவை ஈடுகட்டி மேலேயும் போனது. உழைத்த ஒவ்வொரு நாளுக்கும் கிடைத்த வரவோ ஏறத்தாழ இரண்டு மடங்கு.

உழைத்த நாளுக்கு வரவு என்பதை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகள் நம் கிராமங்களில் எத்தனை! நிலம் இருக்கிறது, கை இல்லை. நாற்று நடவும் களை எடுக்கவும் ஆள் கிடைக்காமல் தைலமரத்தையும் சவுக்கையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கேள்வி அவர்களுக்குப் பொருந்தாது. வாரத்தில் இரண்டு காலைப் பொழுது செலவழித்தால் வீட்டுக்கு என்ன வரும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. உணவுக்காடு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய முறை. நான்காம், ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு நிழலே களையை அடக்கும், சருகே மூடாக்காகும், மண்புழுவே உழும்.

காட்டுமுறையை அளக்க விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஓர் ஏக்கர் தனி மாந்தோப்பில் வரும் காயில் முக்கால் பங்கும், ஓர் ஏக்கர் தனிக் கடலைக் கொல்லையில் வரும் கடலையில் பாதியும், இரண்டையும் கலந்து வைத்த ஒரே ஏக்கரில் கிடைத்தால், அந்த ஏக்கர் ஒன்றேகால் ஏக்கரின் வேலையைச் செய்கிறது. பிரான்சின் தெற்கில் 1995-இல் அக்ரூட் மரங்களுக்கு நடுவே கோதுமை விதைத்துத் தொடங்கிய பண்ணையில் இந்தக் கணக்கைத்தான் ஆண்டுக்கணக்கில் போட்டுப் பார்க்கிறார்கள். இரு பயிரும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் உணவு தேடாதபோது இந்தக் கூடுதல் பிறக்கிறது.

நான் எழுதாமல் விட்ட கணக்கு

இங்கே என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் என் அரை ஏக்கர் கொல்லையில் ஆசை ஆசையாக மரம் வைத்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது தனியாக நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. நெருக்கமாக அடுக்கி வைத்த பகுதி பெரும்பாலும் தாங்கியது. அடர்ந்த காடு காற்றை உடைக்கும் என்று மேடைதோறும் பேசினேன். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். "ஐயா, மொத்தம் எத்தனை மரம் இருந்தது, எந்த வகை, என்ன வயது, என்ன பருமன்? அதில் எது எது சாய்ந்தது? நடுவதற்கு முன் மண்ணில் கரிமம் எவ்வளவு?" என்று கேட்டாள். ஒரு கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டு உழைப்பு. ஒரு பக்கக் குறிப்புகூட இல்லை. அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு போன காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. நான் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை உண்மை என்று நிறுவும் வாய்ப்பை நானே கைநழுவ விட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

நம் ஊருக்கு ஒரு நோட்டு

என்ன செய்யலாம்? ஐந்து காரியம் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, நடுவதற்கு முன் மண்ணெடுங்கள். அந்த இடத்தில் ஒரு கல் நட்டு அடையாளம் வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே ஆழத்தில் மண்ணெடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நம் மாவட்டத்துக்கென்று திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கீரையும் கிழங்கும் அவற்றை எளிதில் ஏற்கும். மரத்துப் பழத்தில் பொதுவாகக் குறைவு. எதை எங்கே நடுவது என்று தீர்மானிக்க அது உதவும்.

இரண்டாவது, பக்கத்திலேயே ஒரு துண்டு நிலத்தைப் பழைய முறையிலேயே விட்டுவையுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத ஓட்டத்தில் முதல் பரிசுக்கு அர்த்தமில்லை.

மூன்றாவது, இரு பக்கமும் திறந்த தகர டின் ஒன்றை நான்கு விரல் ஆழம் மண்ணில் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அது மண்ணுக்குள் போக எத்தனை நிமிடம் ஆகிறது? ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், இரண்டு துண்டிலும் இதைச் செய்யுங்கள். உங்கள் கொல்லையின் ஜீரோ பாயிண்ட் அதுதான்.

நான்காவது, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் மரத்தின் நெஞ்சுயரச் சுற்றளவை நாடா வைத்து அளந்து எழுதுங்கள். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பு சீவுகிற மாதிரி, மரத்துக்கு இதை ஒரு சடங்காக்கிவிடுங்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஐந்தாவது, பறித்ததை எல்லாம் எழுதுங்கள். விற்றது மட்டும் கணக்கில்லை. குழம்புக்குப் பறித்த முருங்கை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த எலுமிச்சை, பந்திக்கு வெட்டிய வாழை இலை, எல்லாமே விளைச்சல். கூடவே எத்தனை நாள் உழைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். இந்தக் கணக்கைத் தாய்மார்கள் கையில் கொடுப்பதுதான் சரி. கொல்லையிலிருந்து அடுப்புக்குப் போவது என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். குரங்கு தின்றதையும் பன்றி கிளறியதையும் செத்த கன்றையும் மறக்காமல் எழுத வேண்டும். தோல்வியை எழுதாத நோட்டு அடுத்தவரை ஏமாற்றும்.

ஒரு தோட்டத்தின் கணக்கு ஒரு கதை. இருபது தோட்டத்தின் கணக்கு ஓர் ஆய்வு. ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் வரை இருபது குடும்பங்கள் இப்படி எழுதத் தொடங்கினால், பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நம்மைத் தேடி வருவார்கள்.

உணவுக்காடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெற்கழனி நெற்கழனியாகவே இருக்கட்டும். சோறு அங்கிருந்துதான் வர வேண்டும். கொல்லையிலும், கிணற்றுமேட்டிலும், வரப்போரத்திலும், தைலமரம் வெட்டிய மேட்டு நிலத்திலும் இதை முயன்று பார்க்கலாம். முதல் மூன்று ஆண்டு செலவு இருக்கும், வரவு சொற்பம். வாழை, பப்பாளி, தட்டைப்பயறு, அகத்தி என்று சீக்கிரம் பலன் தருபவற்றை இடையில் வைத்து அந்த ஆண்டுகளைக் கடக்க வேண்டும்.

டம்ளரைப் பாருங்கள்

நேரமாகிவிட்டது. மாணவர்களே, கொஞ்சம் முன்னால் வாருங்கள். இந்த வலப்பக்க டம்ளரைப் பாருங்கள். மாந்தோப்பு மண்கட்டி எப்போதோ கரைந்து, வடிகட்டி வழியே இறங்கி, அடியில் சேறாகக் கிடக்கிறது. தண்ணீர் செந்நிறமாகிவிட்டது. இடப்பக்கம் பாருங்கள். கட்டி அப்படியே இருக்கிறது, தண்ணீரில் ஓரளவே நிறம். பூஞ்சை இழைகளும் வேர்கள் கசியவிட்ட பிசினும் மக்கிய சருகும் சேர்ந்து அந்த மண் துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. மழை அடிக்கும்போது முதல் மண் ஆரணியாற்றுக்கு ஓடும். இரண்டாவது மண் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு இடத்திலேயே இருக்கும்.

ஆனால் கேரளத் தோட்டங்களைப் பற்றி நான் கேட்ட கேள்வியை இப்போது என்னிடமே திருப்பிக் கேளுங்கள். முப்பது ஆண்டுக்கு முன் இந்த இரண்டு மண்ணும் எப்படி இருந்தன? எனக்குத் தெரியாது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

ரோதம்ஸ்டெட்டில் மண்ணை மூடி முத்திரையிட்ட புட்டிகளில், தேதி எழுதி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மண், தானியம், வைக்கோல் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்று லட்சம் மாதிரிகள். அவற்றை எடுத்து வைத்தவர்களுக்குக் காட்மியத்தை அளக்க வேண்டிவரும் என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள் அந்தப் புட்டிகளைத் திறந்துதான், மண்ணில் எந்த ஆண்டிலிருந்து எவ்வளவு ஏறியது என்று கண்டார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

ஆகவே நான் இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் அந்த மாந்தோப்பின் மண், மற்றதில் அந்தக் கொல்லையின் மண். நன்றாக உலர்த்தி, மூடி, மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். எடுத்த இடம், ஆழம், இன்றைய தேதி எல்லாம் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாந்தோப்புக்காரர் இந்த ஆடியிலிருந்து தோப்பில் பாதியை உழாமல் விட்டு, ஊடே முருங்கையும் நெல்லியும் கருணையும் வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுபாதி பழையபடியே இருக்கும். இந்தப் புட்டிகளை உங்கள் பள்ளி அலமாரியில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் இதே பள்ளியில் படிக்கும் காலத்தில், அதே இடத்தில் மண்ணெடுத்து, இந்தப் புட்டியையும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டம்ளர் வையுங்கள். அன்றைக்கு யாராவது "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால், கையில் எடுத்துக் காட்ட உங்களிடம் மண் இருக்கும்.